டிஎல்எல் அண்ணன்

ஆடி பிறந்துவிட்டால் புதுக்கோட்டைக்குக் கிழக்கே வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம் என்று ஊர் ஊராக மொய் விருந்து. கறிச்சோறு ஒரு பக்கம், மொய் மேசை ஒரு பக்கம். இப்போது பல மேசைகளில் நோட்டு போய்க் கம்ப்யூட்டர் வந்தாச்சு. பெயர், ஊர், தொகை தட்டினால் ரசீது வந்து விழும். விழாத நாளில் கூப்பிடப்படுகிறவர்தான் டிஎல்எல் அண்ணன்.

தாலுகாவுக்கு ஒருவராவது தேறுவார். டிடிபி கடையில் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கை தேர்ந்தவர். சட்டைப் பையில் பென்டிரைவ். அதற்குள் ‘டிஎல்எல் நியூ ஃபைனல் 2’ என்றொரு ஃபோல்டர். அறந்தாங்கி ஸ்டூடியோ, பொன்னமராவதி பிரவுசிங் சென்டர், கீழராஜ வீதி அச்சகம் என்று கை வைத்த சிஸ்டத்தில் எல்லாம் சுருட்டிய கோப்புகள். எது எந்தப் பதிப்பு என்பது அவருக்கே வெளிச்சமில்லை.

“அண்ணே, எம்எஸ்விசிபி140 டாட் டிஎல்எல் இல்லைங்குதுண்ணே.”

“அதுக்கிட்ட இல்லாட்டி என்னடா, நம்மகிட்ட இருக்குல்ல!”

காப்பி, சிஸ்டம்32, பேஸ்ட். வைத்தியம் அவ்வளவுதான். உடனே ‘விசிரன்டைம்140 எங்கே?’ என்கிறது மென்பொருள். அதையும் போடுகிறார். இப்போது அது கோப்பின் பெயரைக்கூடச் சொல்லாமல், பூஜ்யமும் எக்ஸும் சியுமாக ஒரு எண்ணைக் காட்டிவிட்டுப் படுத்துக்கொள்கிறது.

அந்தக் கோப்புகள் மொய் மென்பொருளின் சொந்தச் சொத்தல்ல. ஊர்ப் பொது அண்டா மாதிரி, விஷுவல் சி பிளஸ் பிளஸில் எழுதிய எத்தனையோ மென்பொருள்கள் சேர்ந்து புழங்குபவை. 140 என்பது 2015இல் வந்த 14ஆம் பதிப்பின் அடையாளம். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் தொகுப்பை நிறுவினால் எல்லாம் ஒன்றாக வந்து இறங்கும். ஒவ்வொன்றாகப் பொறுக்கினால் அண்ணன் கதிதான்: முதல் கோப்பு எப்படியோ பொருந்திவிட்டது, இரண்டாவது அறந்தாங்கியின் பழைய 32 பிட் சரக்கு, மொய் மென்பொருளோ 64 பிட். ஆனால் அவரை மட்டும் குறை சொல்லக் கூடாது. 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 என்ற ஃபோல்டரில் இருப்பவை 64 பிட் கோப்புகள். 32 பிட் கோப்புகள் குடியிருப்பது சிஸ்வாவ்64இல்! இந்தப் பெயர்களை வைத்தவரை மொய் எழுத உட்கார வைத்தால் ஊர் தாங்குமா?

லினக்ஸிலும் அண்ணன் விளையாடியிருக்கிறார். 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்த காலம் அது. டிஎல்எல்லுக்கு அங்கே டாட் எஸ்ஓ என்று பெயர். கேட்ட டாட் எஸ்ஓ கோப்பு இல்லையென்றால், கைக்குக் கிடைத்த வேறு பதிப்புக்கு அதே பெயரில் ஒரு லிங்க் போட்டுவிடுவார். சில நேரம் ஓடியும் தொலைக்கும். அதில்தான் அவருக்கு இத்தனை தைரியம்.

இதற்குள் மொய் மேசையில் கூட்டம் நெருக்கியது. “ஏப்பா, பந்தி முடியப்போவுது, நோட்டை எடுங்கப்பா” என்று ஒரு மாமா குரல் கொடுத்தார். “வைரஸ் மாமா, ஃபார்மட்தான் அடிக்கணும்” என்றார் அண்ணன். நல்லவேளை, விருந்துக்காரர் மகள் கல்லூரியில் படிக்கிறவள். செல்போன் ஹாட்ஸ்பாட்டில் அந்த ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் தொகுப்பை இறக்கி நிறுவினாள். ரசீது விழுந்தது.

அண்ணன் அசரவில்லை. புதிதாக இறங்கிய டிஎல்எல்களை எல்லாம் பென்டிரைவில் ஏற்றி, ஃபோல்டருக்கு ‘நியூ ஃபைனல் 3’ என்று பெயர் மாற்றிவிட்டுத்தான் பந்திக்குப் போனார்.