எவரெஸ்ட் எதற்கு, எதிர் ரோடு போதும்!

நான்கு பேர் வரிசையாக ரோடு கிராஸ் செய்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம். நாமெல்லாம் தினமும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை. ஆனால் அந்த நான்கு பேர் பீட்டில்ஸ் இசைக்குழு ஆயிற்றே! 1969-இல் ஒரு ஆல்பத்தின் அட்டைப்படத்துக்காக அவர்கள் நடந்த அந்த ஜீப்ரா கிராசிங்கை, 2010-இல் பிரிட்டனில் பாதுகாக்கப்பட்ட சின்னமாகவே அறிவித்துவிட்டார்கள். கோட்டை, அரண்மனை, தேவாலயம்... கூடவே கொஞ்சம் வெள்ளைப் பெயிண்ட்.

இப்பேர்ப்பட்ட காவியப் படத்துக்குப் பின்னால் என்ன தத்துவம் என்று கேட்கிறீர்களா? உட்காருங்கள். சோம்பேறித்தனம்.

அந்த ஆல்பத்துக்கு முதலில் யோசித்த பெயர் 'எவரெஸ்ட்'. இசையின் சிகரம், கலையின் உச்சி என்றெல்லாம் புல்லரித்துவிடாதீர்கள். ரெக்கார்டிங் இன்ஜினீயர் ஜெஃப் எமெரிக் ஊதிக்கொண்டிருந்த சிகரெட்டின் பெயர் அது. நல்லவேளை, அவர் வெற்றிலை போடுகிறவர் இல்லை.

பெயர் எவரெஸ்ட் என்றால் அட்டைப்படம்? இமயமலைக்கே போய் எடுத்துவிடலாம் என்று பேச்சு வந்தது. யார் போவது? முந்தின வருடம்தான் தியானம் கற்க ரிஷிகேஷ் வந்து போயிருந்தார்கள். டிரம்மர் ரிங்கோ, சாப்பாட்டுக்குப் பயந்து ஒரு சூட்கேஸ் நிறைய பேக்டு பீன்ஸ் டின்களோடு வந்து, சுமார் பத்து நாளில் ஊர் திரும்பிய தவசீலர். அடிவாரத்துக்கே ஒரு சூட்கேஸ் என்றால், உச்சிக்கு லாரிதான் பிடிக்க வேண்டும்.

பெரிதாக பிளான் போட்டுப் பின்வாங்குவது இவர்களுக்குப் புதிதுமில்லை. அதே வருடம் ஜனவரியில் லிபியாவின் பழைய ரோமானிய அரங்கத்தில் கச்சேரி வைப்பதாக பிளான். பேசிப் பேசி, கடைசியில் லண்டனில் சொந்த ஆபீஸ் மொட்டை மாடியில் ஏறி வாசித்தார்கள். சத்தம் தாங்காமல் போலீஸ் வந்தது. அதே தெருவில்தான் ஸ்டேஷன். அவர்களும் ரொம்ப தூரம் வரவில்லை.

ஆக, இமயமலை கேன்சல். ஸ்டூடியோ இருந்த தெருவின் பெயர் அபே ரோடு. அதையே ஆல்பத்துக்கு வைத்து, வாசலுக்குப் போய் ஒரு போட்டோ எடுத்தால் ஆயிற்று! ஆகஸ்ட் 8, காலை பதினொன்றரை மணி வாக்கில், போட்டோகிராபர் இயன் மேக்மில்லன் நடுரோட்டில் ஏணி போட்டு ஏறினார். ஒரு போலீஸ்காரர் டிராஃபிக்கை நிறுத்தினார். பத்து நிமிடம், ஆறே ஆறு கிளிக். இன்றைய ப்ரீ-வெட்டிங் ஷூட்டில் மாப்பிள்ளையின் கூலிங் கிளாஸைச் சரிசெய்யவே அவ்வளவு நேரம் ஆகும்.

அன்றைக்கு வெயில். செருப்போடு வந்த பால் மெக்கார்ட்னி நடுவில் அதைக் கழற்றிவிட்டார். ஆறு படங்களில் தேர்வானது ஐந்தாவது. அதில் வெறுங்கால். பிடித்தது சனி!

அமெரிக்க ரசிகர்கள் துப்பறிய ஆரம்பித்தார்கள். வெள்ளை டிரெஸ் ஜான் லெனான், பாதிரியார். கறுப்பு கோட் ரிங்கோ, இறுதிச் சடங்கு நடத்துபவர். ஜீன்ஸ் போட்ட ஜார்ஜ் ஹாரிசன், குழி வெட்டுபவர். வெறுங்கால் பால்? பிணம்! 1966-லேயே கார் விபத்தில் போய்விட்டாராம், இது டூப்பாம். பிணம் எதற்கய்யா சிகரெட் பிடிக்கிறது? "இடது கைக்காரர் வலது கையில் பிடிக்கிறார் பாருங்கள், அதனால்தான் சார் டூப் என்கிறோம்."

ஓரமாக நின்ற ஒரு ஃபோக்ஸ்வேகன் காரையும் விடவில்லை. நம்பர் பிளேட்டில் '281எஃப்'. அந்த ஒன்றை ஆங்கில 'ஐ' என்று படித்து, 'இருந்திருந்தால் 28 வயது' என்று பொருள் சொன்னார்கள். பாலுக்கு அப்போது 27தானே? அசரவில்லை. இந்தியாவில் கருவிலிருந்தே வயதை எண்ணுவார்கள் என்று ஒரு போடு போட்டார்கள். எதற்கு இவ்வளவு சிரமம்? நம் பாட்டிகளைக் கேட்டிருந்தால், "27 முடிஞ்சு 28 நடக்குது" என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள்.

கடைசியில் 'லைஃப்' பத்திரிகைக்காரர்கள் ஸ்காட்லாந்தில் பாலின் பண்ணைக்கே போய் நின்றார்கள். செத்துப்போனவர் ஒரு வாளித் தண்ணீரை அவர்கள் மேல் வீசினார். பிறகு கோபம் தணிந்து, மனைவி குழந்தைகளோடு போஸ் கொடுத்தார். நவம்பர் 7 தேதியிட்ட இதழில் அட்டைப்படமே அதுதான். நம் பென்ஷன்தாரர்கள் வருடாவருடம் நவம்பரில் கொடுப்பார்களே, அதே லைஃப் சர்டிபிகேட். 27 வயதில் வாங்கிய முதல் மனிதர் இவராகத்தான் இருப்பார்.

இதில் வெட்கப்பட்டது ஸ்டூடியோதான். அதன் பெயர் இஎம்ஐ ஸ்டூடியோஸ். ஆல்பம் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, பின்னாளில் தானும் 'அபே ரோடு' என்று பெயரை மாற்றிக்கொண்டது.

லண்டன் போனால் நீங்களும் அங்கே நடந்து போட்டோ எடுப்பீர்கள், தெரியும். அது இன்றும் வண்டி ஓடுகிற ரோடு. உங்களுக்காகப் போலீஸ்காரர் வர மாட்டார். இரண்டு பக்கமும் பார்த்து நடங்கள். முக்கியமாக, செருப்பைக் கழற்றாதீர்கள்.