இரட்டை வேகம், நாலு மடங்கு அடி

கே: பைக்கில் 40-ல் போய் மோதுவதைவிட 80-ல் போய் மோதினால் அடி இரண்டு மடங்குதானே?

ப: கணக்கில் கொஞ்சம் வீக் போலிருக்கிறது. நாலு மடங்கு! மோதும்போது அடியாக விழுவது வண்டியின் இயக்க ஆற்றல். அது, எடை கூடினால் அதே விகிதத்தில்தான் கூடும். வேகம் கூடினால் அதன் வர்க்கத்தில் எகிறும். பின்சீட்டில் மச்சானை ஏற்றினால்கூட (சைஸைப் பொறுத்து) ஆற்றல் சுமாராகத்தான் ஏறும். ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால்தான் வினை. 1720-களில் ஹாலந்தின் கிராவசாண்டே என்ற விஞ்ஞானி பித்தளைக் குண்டுகளைக் களிமண்ணில் போட்டுப் பார்த்தார். இரட்டை வேகத்தில் விழுந்த குண்டு நாலு மடங்கு ஆழத்துக்குப் புதைந்தது. இதை வைத்துக்கொண்டு எமிலி து ஷாட்லே என்ற பிரெஞ்சுப் பெண்மணி பெரிய பெரிய பண்டிதர்களோடு மல்லுக்கு நின்றார். பிரேக்குக்கும் இதே கணக்குதான். 40-ல் பிரேக் பிடித்து 10 மீட்டரில் நிற்கிற வண்டி, 80-ல் 40 மீட்டர் கேட்கும். முன்னால் போகிற தண்ணி லாரி அவ்வளவு இடம் விட்டிருக்கிறதா, பார்த்துக்கொள்ளுங்கள்.