சுவருக்கு மட்டும் பாவமன்னிப்பு

தேனாம்பேட்டை சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டு எதிர்ச் சுவரைப் பார்த்தால் தெரியும், நம் ஊரில் பிஷப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. ஊதா அங்கி, இடுப்பில் கச்சை, மார்பில் உள்ளங்கை அகலத்துக்குச் சிலுவை, பேருக்கு முன்னால் ‘பேராயர் டாக்டர்’, பேருக்குக் கீழே செல்போன் நம்பர். எல்டாம்ஸ் ரோடு பக்கம் திரும்பினால் இன்னொருவர். இவருக்கு இன்று பிறந்தநாள். வாழ்த்துவோர் வரிசையில் வட்டச் செயலாளரும் இருக்கிறார். இவரை யார் பிஷப் ஆக்கினார்கள் என்று கேட்பது அநாகரிகம். பிளெக்ஸ் அடிக்கக் காசு இருந்தது, ஆகிவிட்டார்.

சாந்தோம் பேராலயத்தைத் தாய்வீடாக நினைக்கிற எங்களைப் போன்ற பரம்பரைக் கத்தோலிக்கருக்கு இதைப் பார்த்தால் ஓர் இளக்காரச் சிரிப்பு வரும். “நம்மகிட்ட இந்தக் கூத்தெல்லாம் நடக்காது. நமக்கு எல்லாம் ரோம்ல இருந்து வரணும்” என்போம். சரிதான். ரோமிலிருந்து என்னவெல்லாம் வரும் என்பதற்கு ஒரு சாமியாரின் கதை இருக்கிறது. எந்த மறைக்கல்வி வகுப்பிலும் அதைச் சொல்லித்தர மாட்டார்கள்.

1886இல் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோவும் போர்த்துகல் மன்னரும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். இந்தியாவில் மேற்றிராணியார்களை நியமிக்கும் உரிமை தன்னுடையது என்று போர்த்துகல் பிடிவாதம் பிடித்தது. அதன் பெயர் பதுரவாதோ. என் ஆட்களை நானே நேராக அனுப்புவேன் என்று ரோம் நின்றது. அதன் பெயர் புரோப்பகாந்தா. இரண்டு பக்கமும் ஒரே இயேசு, ஒரே லத்தீன் பூசை. சண்டையெல்லாம் கோயில் சாவிக்குத்தான். பங்காளிச் சொத்தைப் பிரிப்பதுபோல் பிரித்ததில் மயிலாப்பூர் போர்த்துகல் பங்குக்கு விழுந்தது, மதராஸ் ரோம் பங்குக்குப் போனது. ஆக ஒரே பட்டணத்தில் ஆர்மீனியன் தெருவில் ஒருவர், சாந்தோமில் ஒருவர் என்று இரண்டு மேற்றிராணியார்கள். இரண்டையும் ஒரே மறைமாவட்டமாகச் சேர்க்க 1952 ஆகிவிட்டது. இடையில் 1910இல் லிஸ்பனில் மன்னரை விரட்டினார்கள். புதிய குடியரசு இயேசு சபைச் சாமியார்களையும் நாட்டைவிட்டு ஓட்டியது. ஆனால் மயிலாப்பூருக்கு யார் மேற்றிராணியார் என்பதில் லிஸ்பனுக்கு இருந்த பங்கு மட்டும் 1950 வரை போகவில்லை. மயிலாப்பூரில் முழங்கால் போட்டவனின் ஆன்மாவுக்கு லிஸ்பனில் ஒரு கோப்பு இருந்தது.

அதே ஒப்பந்தத்தில் இலங்கை ரோமின் கைக்குப் போனது. அங்கே தலைமுறை தலைமுறையாகக் கோவாச் சாமியார்களிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவந்த மக்களை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காதது ஏன் என்று ஒரு சாமியார் கேட்டார். அவர் பெயர் அந்தோனியோ பிரான்சிஸ்கோ சேவியர் அல்வாரெஸ். 1836இல் கோவாவின் வெர்ணாவில் பிறந்தவர். பத்திரிகை நடத்தியவர். சாமியார் கையில் ஜெபமாலை இருக்கலாம், அச்சு எந்திரம் இருக்கலாமா? கோவாப் பேராயர் அவரைச் சபைக்கு வெளியே தள்ளினார்.

சபைக்கு வெளியே தள்ளப்பட்ட சாமியார் அழுதுகொண்டு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும் என்பது மரபு. அல்வாரெஸ் கோட்டயத்துக்கு வண்டி ஏறினார். 1889 ஜூலையில், ரோமுக்குக் கட்டுப்படாத மலங்கரை சிரியன் மேற்றிராணியார்கள் அவருக்கு அபிஷேகம் செய்து, மார் ஜூலியஸ் என்று பெயர் சூட்டி, கோவா, இந்தியா, இலங்கைக்கான தன்னாட்சிக் கத்தோலிக்க சபைக்குத் தலைவராக அனுப்பினார்கள். கைவைத்தவர்களில் ஒருவர் பருமலா மார் கிரிகோரியோஸ். பின்னாளில் மலங்கரை சபையே புனிதராக அறிவித்தவர். நம் பிளெக்ஸ் பேராயர்களிடம் இல்லாத ஒன்று அல்வாரெஸிடம் இருந்தது: அப்போஸ்தலர் வழிவந்த அபிஷேகம். பூசையை லத்தீன் முறையிலேயே வைத்தார். விசுவாசத்தில் எதையும் மாற்றவில்லை. மாற்றியது ஒன்றே ஒன்று, மேலதிகாரியின் முகவரி.

இனி அவர்மீதான குற்றப்பட்டியலைப் பார்ப்போம்.

முதல் குற்றம், பிச்சைக்காரர்களுக்குச் சோறு போட்டது. கோவாவின் பஞ்சிமில் அனாதைகளுக்கும் நோயாளிகளுக்கும் இடம் கொடுத்து, அதற்காகக் கடைக்காரர்களிடம் கையேந்தியது. மேற்றிராணியார் என்பவர் காணிக்கை வாங்குபவர். பிச்சை எடுப்பவர் அல்ல.

இரண்டாம் குற்றம், காலராவை எப்படிச் சமாளிப்பது என்று ஏழைகள் படிக்கச் சிறுநூல் போட்டது. காலரா வந்தால் செபஸ்தியாருக்கு நவநாள் வைப்பதை விட்டுவிட்டு மருந்தைப் பற்றி எழுதினால் உண்டியல் என்ன ஆவது?

மூன்றாம் குற்றம், மரவள்ளிக்கிழங்கு பயிரிடுங்கள், அரிசி வாங்க முடியாதவனும் வயிறு நிறையச் சாப்பிடட்டும் என்று பிரசாரம் செய்தது. விண்ணக அப்பத்தைப் பற்றிப் பேச வேண்டியவர் கிழங்கைப் பற்றிப் பேசினார்.

நான்காம் குற்றம்தான் பெரிய குற்றம். போர்த்துகீசிய ஆட்சியைத் தன் பத்திரிகையில் விமர்சித்தது. 1895இல் கோவாவில் கலகம் வெடித்த சமயம் அவரைப் பிடித்தார்கள். தேசத்துரோகம் ஒரு குற்றச்சாட்டு. மேற்றிராணியார் உடையை உரிமையில்லாமல் உடுத்தினார் என்பது இன்னொன்று. உடுத்தியதுதானே குற்றம்? உருவினார்கள். அறுபதை நெருங்கிய மனிதரை உள்ளாடையோடு பஞ்சிம் வீதியில் நடத்திக் கொண்டுபோய் லாக்கப்பில் வைத்தார்கள். வழக்கு நிற்கவில்லை, விடுதலையானார். அன்று தெருவில் நின்று வேடிக்கை பார்த்த பக்தர்கள் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போனவர்கள்தான். ஆடையைக் களைந்து ஒருவரைத் தெருவில் இழுத்துப் போன இன்னொரு கதையை வருஷாவருஷம் பெரிய வெள்ளியன்று கண்ணீரோடு கேட்டவர்கள்தான்.

ரோமுக்கு நியாயமாக இருக்க, ஒரு கணக்கையும் சொல்ல வேண்டும். 1892இல் கொழும்பு ஹல்ஸ்டொர்ப் கோயிலில் ரெனே விலாத் என்கிற அமெரிக்கச் சாமியாருக்கு அல்வாரெஸ் அபிஷேகம் செய்தார். அந்த விலாத் திரும்பிப்போய்க் கேட்டவர் தலையிலெல்லாம் கையை வைத்தார். இன்று உலகம் முழுக்கத் தங்களைத் தன்னாட்சிக் கத்தோலிக்க ஆயர் என்று சொல்லிக்கொள்பவர்களில் பலருடைய வம்சாவளி அந்தக் கொழும்புக் கோயிலில் போய் முட்டும். விலாத்தைத் தேர்ந்தது அல்வாரெஸின் பிசகு. ஏழைக்காக வாங்கிய அதிகாரம் பட்டம் விற்பவர் கைக்குப் போய்விட்டது. ஆனால் ரோம் யாரை மன்னித்தது என்று பாருங்கள். 1925இல் விலாத் பணிந்து வந்தார், சேர்த்துக்கொண்டது, 1929இல் பிரான்ஸில் ஒரு மடத்து நிழலில் கண்ணை மூடினார். பிச்சைக்காரர்களோடு இருந்த அல்வாரெஸ் பணியவில்லை. 1923 செப்டம்பரில் கோவாவின் ரிபந்தரில் சீதபேதியில் இறந்தார். பின்னால் நின்று அழுதவர்கள் ஏழைகள். இன்று ரிபந்தரின் ஆர்த்தடாக்ஸ் கோயிலில் அவர் எலும்புக்கு வருஷத்துக்கு ஒரு திருவிழா நடக்கிறது. உயிரோடு இருந்தபோது உடையை உருவியாயிற்று, செத்தபிறகு மாலை போட்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

அது பழைய காலம், இப்போது சபை மாறிவிட்டது என்பார்கள். மாறிவிட்டது. 1990இல் கொழும்பில் திஸ்ஸ பாலசூரிய என்கிற அமலமரித் தியாகிகள் சபைச் சாமியார் மாதாவையும் மனித விடுதலையையும் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஏழைப்பெண் ஒருத்தியைப் பீங்கான் பொம்மையாக ஆக்கிவிட்டோமே என்பது அவர் ஆதங்கம். அதிகம் பேர் படிக்காத புத்தகம். ரோம் அதைப் படித்தது. ஒரு விசுவாசப் பிரமாணத்தைத் தயாரித்து, இதில் கையெழுத்துப் போடு என்றது. பெண்கள் ஒருநாளும் குருவாக முடியாது என்பதையும் அதில் சேர்த்திருந்தது. அவர் அதை விட்டுவிட்டு ஆறாம் பவுல் பாப்பரசரின் பிரமாணத்தில், ஒரு குறிப்போடு, கையெழுத்துப் போட்டார். 1997 ஜனவரியில் எழுபது கடந்த கிழவரைச் சபைநீக்கம் செய்தார்கள். அதன் பலனாக உலகம் முழுக்க அந்தப் புத்தகத்தைத் தேடிப் படித்தார்கள். ஓர் ஆண்டு கழித்துத் தண்டனையை ரத்து செய்தார்கள். புத்தகத்துக்கு இப்படி ஒரு விளம்பரம் எந்தப் பதிப்பாளராலும் கொடுக்க முடியாது.

கேள்விக்கு இவ்வளவு வேகம் காட்டும் சபை வேறு சில விஷயங்களில் காட்டும் பொறுமையைப் பார்த்தால் யோபுவே வெட்கப்படுவார்.

திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கத்தோலிக்கரின் பிணத்தையும் மற்றவர் பிணத்தையும் பிரிக்க ஒரு சுவர் எழுப்பியிருந்தார்கள். ஒரே ஞானஸ்நானத் தண்ணீர், ஒரே அவஸ்தைப்பூசுதல் எண்ணெய், மண்ணுக்குள் போனபின் நடுவில் செங்கல். 2010இல் சிலர் போய் அதில் கொஞ்சம் இடித்தார்கள். போலீஸ் இடித்தவர்களைப் பிடித்தது. விழுப்புரம் பக்கம் எறையூரில் தலித்துகளின் சவம் கோயிலுக்குப் போகும் பெரிய தெரு வழியே போகக் கூடாது என்பது கத்தோலிக்கரே வகுத்த சட்டம். எங்களுக்குத் தனிப்பங்கு கொடுங்கள் என்று தலித்துகள் கேட்ட 2008 மார்ச்சில் கலவரம் மூண்டு, துப்பாக்கிச்சூட்டில் இரண்டு உயிர் போனது. இயேசுவின் ரத்தத்தில் கழுவப்பட்டவர்கள் ஒருவர் வீட்டை ஒருவர் அடித்து நொறுக்கினார்கள். அந்தச் சுவரைக் கட்டியதற்காக, அந்தத் தெருவை மறித்ததற்காக எத்தனை பேரை ரோம் சபைநீக்கம் செய்தது? உங்களுக்குத் தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

2016இல் இந்திய ஆயர் பேரவையே ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது. நாட்டின் 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கர்களில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்றது. அன்றைக்கு ஆயர்களில் தலித்துகள் எத்தனை பேர்? பன்னிரண்டு. இயேசுவுக்கும் பன்னிரண்டு சீடர்கள்தானே என்று சமாதானம் சொல்லவும் ஒரு மோன்சிஞ்ஞோர் கிடைப்பார். 2022 மே மாதம் புனிதராக்கிய மறைசாட்சி தேவசகாயத்தின் பெயருக்குப் பின்னாலிருந்த ‘பிள்ளை’ என்ற சாதிப்பெயரை ரோம் வெட்டியது. நல்ல காரியம். அதற்கும் இங்கே கோபப்பட்டவர்கள் உண்டு. பெயர்மேல் வைத்த கத்தரிக்கோலை எடுத்த கையோடு கல்லறைச் சுவருக்கு ஒரு கடப்பாரையும் அனுப்பியிருக்கலாம். தபால் செலவு அதிகம் போலிருக்கிறது.

இப்போதெல்லாம் சாமியாரின் உடையைத் தெருவில் உருவுவதில்லை. நாகரிகம் வளர்ந்துவிட்டது. கணக்குக் கேட்ட சாமியாருக்கு, பள்ளிக்கூட வேலையில் நன்கொடை எதற்கு என்று கேட்ட சாமியாருக்கு, தேர் ஏன் காலனிக்குப் போகவில்லை என்று கேட்ட சாமியாருக்கு மாற்றல் உத்தரவு வரும். அதற்கும் அடங்காவிட்டால் ‘உடல்நலம் கருதி ஓய்வு’. அதற்கும் அடங்காமல் வெளியே வந்தால் அறுபது வயதில் கையில் ஒரு சூட்கேஸ், அண்ணன் வீட்டு மாடியில் ஓர் அறை. வீடு இல்லை, சேமிப்பு இல்லை, திருமண வீட்டுக்கு அழைப்பும் இல்லை. மிச்சத்தை நாம் பார்த்துக்கொள்வோம். ஞாயிறு பூசை முடிந்து, வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, “ஃபாதர் ஏன் போனாராம்?” “சொல்றாங்க என்னமோ… பொம்பள விவகாரமா இருக்கும்” என்று முடித்துவிடுவோம். அவர் கேட்ட கேள்வி அந்த இடத்திலேயே செத்துவிடும். போர்த்துகீசியப் போலீஸால்கூட இவ்வளவு சுத்தமாக உருவ முடிந்ததில்லை.

ஆகவே, ஆயர் பெருமக்களே, அடுத்த முறை ஒரு சாமியாரின் கோப்பு மேசைக்கு வரும்போது அதை ஓரமாக வையுங்கள். முதலில் ஓர் ஆளைக் கூப்பிட்டு, உங்கள் மறைமாவட்டத்தில் எத்தனை கல்லறைச் சுவர், எத்தனை மறித்த தெரு, காலனிக்குள் நுழையாத தேர் எத்தனை என்று எழுதி வாங்குங்கள். அந்தப் பட்டியலில் ஒன்றையாவது இடித்துவிட்டுச் சாமியாரின் கோப்பைத் திறங்கள். முடியாதென்றால் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், கீழ்ப்படிதல் என்கிற வார்த்தைப்பாடு சாமியார்களுக்கு மட்டும்தான், சாதிக்குக் கிடையாது என்று. சுவரை இடிக்க ஆள் இல்லாத சபைக்குச் சாமியாரை இடிக்க மட்டும் ரோம் வரை ஆள் இருப்பதற்குக் காரணம் அப்போதாவது எங்களுக்குப் புரியும்.