துருவுக்கு என்ன விலை?

கேள்வி: அமெரிக்கர்கள் 1960-களின் மஸில் கார்களைக் காசைக் கொட்டிப் புதுப்பிக்கிறார்களே, போட்ட பணம் திரும்புமா?

பதில்: மனைவியிடம் சொல்லும் கணக்கில் கட்டாயம் திரும்பும்!

பான்டியாக் நிறுவனம் 1964-ல், நடுத்தர அளவு டெம்பஸ்ட் காருக்குள் 389 கன அங்குல ராட்சத இன்ஜினை வைத்து ஜி.டி.ஓ. என்று விற்றது. இப்படிப் பெரிய இன்ஜின் வைத்த மஸில் கார்களின் மோகம் சூடுபிடித்தது அதிலிருந்துதான். இன்று அப்படியொரு காரை வாங்கப் போகிற விவரமான ஆள் முதலில் எடுப்பது ஸ்பானரை அல்ல, காந்தத்தை. துணியில் சுற்றி பாடி மேல் நகர்த்துவார். தகடு இருந்தால் ஒட்டும். துருவைப் பட்டி பார்த்து மறைத்த இடமென்றால் வழுக்கும். பின்சக்கரத்துக்கு மேலே காந்தம் விழுந்தால் விலையும் விழ வேண்டும். அப்புறம் இன்ஜின். கம்பெனி பொருத்திய அதே இன்ஜின் இல்லையென்றால் மதிப்பு மளமளவென்று இறங்கிவிடும்.

இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். 'புல்லிட்' படத்தில் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய 1968 மஸ்டாங் கார், 1974-ல் 6,000 டாலருக்குக் கைமாறியது. பிறகு மெக்வீனே கடிதம் எழுதிக் கேட்டும் உரிமையாளர் அசையவில்லை. 2020 ஏலத்தில் அது 37 லட்சம் டாலரைத் தாண்டியது. அதுவும் துருவோடு, கீறலோடு, மங்கிய பச்சைப் பெயின்ட்டோடு! புத்தம் புதிதாக்கியிருந்தால் அந்த விலை கிடைத்திருக்காது.

உங்கள் காரில் மெக்வீன் உட்காரவில்லை அல்லவா? அப்படியானால் தாராளமாகப் பெயின்ட் அடியுங்கள். லாபத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.