அந்த ஆறு பேரு

ஏ பேராண்டி, அமெரிக்காவுல குடியேறிட்டே, சந்தோசம். ஒண்ணு தெரிஞ்சு வச்சுக்கோ. அங்க பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட "சம்பளம் எவ்வளவு"ன்னு நீ கேட்டா மரியாதை கெட்டவன். முகம் தெரியாதவன் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துல போன் போட்டு, "சாமி கும்பிடுவியா, யாருக்கு ஓட்டு"ன்னு கேட்டா, அது கருத்துக்கணிப்பு.

1936-ல 'லிட்டரரி டைஜஸ்ட்'னு ஒரு பத்திரிகை ஜனாதிபதித் தேர்தல்ல யாருக்கு ஓட்டுன்னு கேட்டு ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்புச்சு. இருபது லட்சத்துக்கு மேல திரும்பி வந்துச்சு. எண்ணிப் பாத்து, லாண்டன்தான் ஜெயிப்பாருன்னு அடிச்சுச் சொன்னாக. ரூஸ்வெல்ட் 48 மாநிலத்துல 46-ஐ வாரிக்கிட்டுப் போயிட்டாரு! விலாசம் எங்க எடுத்தாகன்னு கேளு: டெலிபோன் புத்தகத்துலயும் கார்க்காரன் பட்டியல்லயும். ஊரே வேலையில்லாமக் கெடந்த காலத்துல காரு வச்சிருக்கவன் மனசு எந்தப் பக்கம் சாயும்? ரெண்டு வருசத்துல பத்திரிகையும் படுத்துருச்சு. கேலப்புன்னு ஒருத்தரு ரொம்பக் கொஞ்சப் பேரைக் கேட்டே சரியாச் சொன்னாரு. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்தான், ஆனா பானையைக் கிண்டிட்டுல்ல எடுக்கணும்! அந்தக் கெட்டிக்காரரும் 1948-ல, தேர்தலுக்கு ரெண்டு வாரம் இருக்கையிலேயே போதும்னு நிறுத்திட்டு, டியூவிதான் ஜெயிப்பாருன்னாரு. வந்தது ட்ரூமன்.

அவுக நாடாளுமன்றமான காங்கிரஸைப் பத்திக் கேட்டுப் பாரு, பெரும்பாலான வருசம் காறித் துப்புவாக. தேர்தல் வந்தா, மறுபடி நிக்கிற பழைய உறுப்பினர்ல நூத்துக்குத் தொண்ணூறு பேரு ஜெயிச்சுட்டு வந்துருவாக. அடுத்த தொகுதி ஆளுதான் திருடன், நம்மாளு தங்கம். இதை எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா? இருக்கட்டும், பேச வேணாம்.

மெச்சவும் ஒண்ணு இருக்குடா. கறுப்பரும் வெள்ளையரும் கல்யாணம் கட்டுறது சரின்னு 1958-ல சொன்னவுக நூத்துக்கு 4 பேரு, 2021-ல 94 பேரு. 1967-லயே தடைச் சட்டமெல்லாம் செல்லாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. மறு வருசம் கேட்டப்பவும் அஞ்சுல ஒருத்தன்தான் தலையாட்டுனான். ஊரைக் கேட்டுட்டுத் தீர்ப்பு எழுதியிருந்தா, மாப்பிள்ளையும் பொண்ணும் கெழடு தட்டியிருப்பாக.

இப்ப போனையே எவனும் எடுக்கிறதில்ல. பியூ ஆராய்ச்சி மையம் போன் போட்டா 1997-ல நூத்துக்கு 36 பேரு பதில் சொன்னாக, 2018-ல ஆறு பேரு. அதனால உனக்குப் போன் வந்தா, கேக்கிறவன் யோக்கியன்தானான்னு பாத்துக்கிட்டு, எடுத்துப் பேசு. நீ வாயை மூடிக்கிட்டா, உனக்கும் சேத்து அந்த ஆறு பேரே பேசிருவாக.