எலினோர் சித்தி

ராமாயணத்தை வைத்து ஆளை எடைபோடும் பெரிசுகள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. எங்கள் சித்திக்கு அந்த வேலைக்கு ஜேன் ஆஸ்டின். கல்லூரியில் பாடமாக வந்த ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’, காலண்டர் தாள் அட்டையோடு இன்னும் அவள் தலைமாட்டில் இருக்கிறது.

எந்தப் பெண்ணைப் பார்த்தாலும், “இது எலினோரா, மரியானா?” வாயைத் திறக்காமல் பொறுத்துக்கொண்டால் எலினோர். ஊரைக் கூட்டி அழுதால் மரியான். நாவலில் எலினோர்தான் அக்கா. எங்கள் வீட்டில் அக்கா அம்மா. சித்தி அசரமாட்டாள். “உங்கம்மா வயசுலதான்டி மூத்தவ. எலினோர் நான்தான்” என்பாள். சொல்லும்போதே தொண்டை அடைக்கும், மூக்கைச் சிந்துவாள்.

2000இல் அந்தக் கதையைத் தழுவி ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ வந்தபோது, இடைவேளைக்குள் பக்கத்து சீட்டுக்காரருக்கு மொத்தக் கதையையும் சொல்லிவிட்டாள். “அந்த அப்பாஸ் பையனை நம்பாதீங்க!” நாவலில் 35 வயது கர்னல் பிராண்டனை, ஃபிளானல் வெயிஸ்ட்கோட் போடுகிற கிழவர் என்று மரியான் கேலி செய்வாள். அந்த இடத்தில் மம்மூட்டி வந்து நின்றதும் சித்தி கேலியை மறந்துவிட்டாள்.

ஆனால் அவள் உயிர் இருப்பது இரண்டாம் அத்தியாயத்தில். அப்பா சாகும்போது கேட்டுக்கொண்டதற்காக, மாற்றாந்தாய் பெற்ற மூன்று தங்கைகளுக்கும் 3,000 பவுண்டு கொடுக்க நினைக்கிறான் எலினோரின் அண்ணன் ஜான். பெண்டாட்டி ஃபேனி பேசப் பேச அது பாதியாகிறது. அதுவும் போய், மாற்றாந்தாய்க்கு வருஷம் 100 பவுண்டு என்றாகிறது. “வருஷப் பணம் வாங்குறவங்க சீக்கிரம் சாகமாட்டாங்களே” என்று அதற்கும் முட்டுக்கட்டை. எப்போதாவது 50 பவுண்டு, அப்புறம் சாமான் ஏற்ற ஒத்தாசை, சீசனுக்கு மீன். அவ்வளவுதான்! “1811லயே நம்ம வீட்டுப் பாகப்பிரிவினையை எழுதிட்டாடி!” என்று சித்தி தொடையில் தட்டுவாள்.

நான் பள்ளிக்கூடம் போகையில், “உன் கல்யாணத்துக்கு என் பங்கு 5 பவுன் ஆரம்” என்றாள். கல்லூரிக்குப் போனதும், “இப்ப ஆரம் யாருடி போடறா?” என்று 2 பவுன் சங்கிலி. நிச்சயதார்த்தத்தில், “தங்கம் விக்கிற விலையில…” என்று ஒரு மோதிரம்.

கல்யாணத்தன்று கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தாள். பிரித்தால், அதே புத்தகம். காலண்டர் அட்டை மட்டும் புதுசு. இரண்டாம் அத்தியாயத்தில் ஃபேனி வாய் திறக்கும் இடமெல்லாம் ஓரத்தில் சிவப்பு மையில் ‘படுபாவி’.

மறுவீட்டுக்குப் போனபோது சித்தி என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

“படிச்சாச்சுன்னா குடுத்துடுடி. அது இல்லாம தூக்கம் வரல.”