வேகம் கெடக்குது, நிக்குமா மருமவனே?

இன்னா மருமவனே, பெங்களூர்லருந்து தரையத் தடவிக்கினே ஒரு காரு ஓட்டியாந்துட்டியாம்! நெல்லு காயற ரோட்டுலயும் பாவு நீட்டின தெருவுலயும் அது படுற பாட்டைப் பாத்துட்டு வந்து உங்க அத்தை சிரிக்கிறா. முன்னூறு கிலோமீட்டர் வேகம் போவும்ன்றே. போவட்டும். நம்ம களம்பூர்ல அதுக்கு ரோடு எங்கடா? ‘ஆரணி ரோடு’ன்னு ஒண்ணு இருக்குது, அதுவும் ரயில் ஸ்டேஷன்.

பிரேக் பேடையும் டிஸ்கையும் வூட்டு வாசல்லயே மாத்தப் போறியாமே? மாத்து. கம்பெனி ஒர்க்‌ஷாப்புல கேக்கற கூலியக் கேட்டா எனக்கே பானா புடிக்கத் தோணுது. மொதல்ல பழைய டிஸ்கை அளந்து பாரு. எது வரைக்கும் தேயலாம்னு அதுலயே பொறிச்சிருப்பான். அந்த அளவுக்கு மேல இருந்து, கோடு வெடிப்பு இல்லாம இருந்தா, மாத்தறது சும்மா பணத்திமிரு.

சக்கரம் தரையில இருக்கறப்பவே நட்டை லூஸ் பண்ணிடு. தூக்கிட்டு முறுக்கினா சக்கரமும் சுத்தும், நீயும் சுத்துவே. ஜாக்கிய மட்டும் நம்பி அடியில தலைய வுடாதே, ஸ்டாண்டு போடு. உங்கப்பனுக்கு நீ ஒரே புள்ள.

காலிப்பரைக் கழட்டினா கம்பி போட்டு மேல கட்டு. ஓஸ்லயே தொங்க வுட்டா உள்ளாற பிஞ்சிடும், வெளியில தெரியாது. பிஸ்டனைத் தள்றப்ப பிரேக் ஆயில் டப்பா மேல ஒரு கண்ணு இருக்கணும். வழிஞ்சா, நீ மணிக்கணக்கா மினுக்கற பெயிண்டைத் தின்னுடும். பின்னாடி கரண்ட்டு ஹேண்ட்பிரேக்குன்னா கம்ப்யூட்டர்ல சொல்லித்தான் அதை வுடுவிக்கணும். சுத்தியல் பேச்சு அதுக்குப் புரியாது.

நம்ம தறிக்காரன் எண்ணெய்க் கையோட பட்டைத் தொடுவானா? நீயும் பேடைத் தொடாதே. புது டிஸ்கு மேல துருப் புடிக்காம எண்ணெய் பூசி அனுப்புவான், அதையும் கிளீனர் போட்டுத் தொடைச்சிடு. டிஸ்கு குந்துற எடத்துல துரு இருந்தா கம்பி பிரஷ்ஷால தேய். இல்லாட்டி பிரேக் அடிக்கறப்ப ஸ்டீயரிங் சாமியாடும். மாத்தினா எடது வலது ரெண்டையும் மாத்து, பேடும் புதுசாவே போடு.

மெட்ராஸ் பாடியில பிரேக்ஸ் இந்தியா கம்பெனி 1962லயே வந்தாச்சு. சோளிங்கர்ல, நம்ம பழைய வட ஆற்காடு ஜில்லாவுலயே, அவுங்க இரும்பை உருக்கி ஊத்தறாங்க. நீ என்னடான்னா ஜெர்மனிப் பார்சலுக்கு வாசல்லயே குந்திக்கினு கெடக்கறே!

மாட்டி முடிச்சதும் ஸ்டார்ட் பண்ணாதே. மொத மிதி தரை வரைக்கும் போவும். கெட்டியாவற வரைக்கும் மிதி. அப்புறம் விடியக்காலையில ஆளில்லாத ரோடாப் பாத்து, அறுபதுலருந்து பத்துக்கு மெதுமெதுவா கொறை. பல வாட்டி செய், ஆனா முழுசா நிறுத்தாதே. சூட்டோட அழுத்திக்கினு நின்னா பேடு டிஸ்குல அப்பிக்கும்.

பழைய டிஸ்குங்களைத் தூக்கிப் போட்டுடாதே. வார்ப்பிரும்பு, காயலான் கடைக்காரன் எடைக்கு எடை காசு குடுப்பான். அந்தக் காசு எனக்கு.